ஒரே நாளில் ஏழு உச்சி: பிரெசிடென்ஷியல் ட்ராவர்ஸ் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஜனாதிபதிகளின் பெயர் கொண்ட ஏழு உச்சிகளை ஒரே முகட்டில் வரிசையாகக் கடக்கும் நடைதான் பிரெசிடென்ஷியல் ட்ராவர்ஸ். அதில் உயரமான வாஷிங்டன் மலை 6,288 அடி, அதாவது 1,917 மீட்டர். "ஊட்டியே இதைவிட உயரம், இதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் இங்கே ஏறத்தாழ 4,500 அடியிலேயே மரங்கள் குட்டையாகி நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் வெறும் கல்லும் காற்றும்தான். 1934 ஏப்ரல் 12 அன்று இந்த உச்சியில் பதிவான காற்று மணிக்கு 231 மைல், அதாவது 372 கிலோமீட்டர். குளிர்காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1900 ஜூன் 30 அன்று, நல்ல கோடையில், இதே முகட்டில் பனிப்புயலில் சிக்கி வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஆர்ம்ஸ்பி என்ற இருவர் இறந்தார்கள். இருவருமே மலைக்குப் புதியவர்கள் அல்ல.

வழி இதுதான். வடக்கே ரூட் 2 ஓரமாக உள்ள ஆப்பலேச்சியா பார்க்கிங்கில் தொடங்கி மேடிசன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், வாஷிங்டன், மன்றோ, ஐசன்ஹோவர், பியர்ஸ் என்று ஏழு உச்சிகளைத் தொட்டு, தெற்கே ரூட் 302-இல் க்ராஃபோர்ட் நாட்ச் என்ற கணவாயில் இறங்க வேண்டும். ஏறக்குறைய 20 மைல், எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் 9,000 அடியை ஒட்டி வரும். நல்ல நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கு 13 முதல் 15 மணி நேரம். நடுவில் க்ளே, ஃபிராங்க்ளின் என்று இரண்டு மேடுகள் உண்டு. இருவரும் ஜனாதிபதி ஆகாதவர்கள், கணக்கிலும் சேர மாட்டார்கள். வழி அவற்றின் தோளோடு போய்விடும்.

தெற்கிலிருந்து வடக்கே போகலாமா என்றால், வேண்டாம். கடினமானதெல்லாம் வடக்குப் பாதியில் இருக்கிறது. கால் புதிதாக இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். தெற்குப் பாதியில் போகும் க்ராஃபோர்ட் பாதை 1819-இல் வெட்டப்பட்டது, பிறகு குதிரை போவதற்காகச் சீராக்கப்பட்டது. அதனால் தெற்குப் பாதியின் சரிவு தாராளமாக இருக்கும். களைத்த முழங்காலுக்கு அது பெரிய உதவி.

ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி நல்ல காலம். பகல் நீளம், இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். விடிகாலை 4 மணிக்கு ஹெட்லாம்ப் போட்டுக் கிளம்புங்கள். ஏறுவதற்கு வேலி வே (Valley Way) பாதை. 3.8 மைலில் 3,500 அடி ஏற்றம், கிட்டத்தட்ட முழுக்க மரங்களுக்குள்ளே. பக்கத்திலேயே ஏர் லைன் என்று ஒரு பாதை இருக்கிறது. காட்சி பிரமாதம், ஆனால் சீக்கிரமே காற்றில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இருட்டில் அது தேவையில்லை. இந்த முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போகவேண்டும். இங்கே அரை மணி மிச்சம் பிடிப்பவர்கள் ஜெஃபர்சனில் அதை வட்டியோடு கட்டுவார்கள்.

மேலே மேடிசன் ஸ்பிரிங் ஹட், நடைக்காரர்கள் தங்கும் மலைவிடுதி. கோடையில் தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும். பையை இங்கேயே வைத்துவிட்டு ஜாக்கெட்டும் ஒரு பாட்டிலும் மட்டும் எடுத்துக்கொண்டு மேடிசன் உச்சிக்குப் போய்வரலாம். போக அரை மைல், 550 அடி ஏற்றம். திரும்பி வந்து இரண்டரை லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த நிச்சயமான குழாய் வாஷிங்டன் உச்சியில்தான், நாலைந்து மணி நேரம் ஆகும். இடையில் எட்மண்ட்ஸ் கோல் (கோல் என்றால் இரண்டு உச்சிகளுக்கு நடுவே உள்ள தாழ்வு) பக்கத்தில் ஊற்று ஒன்று உண்டு. ஃபில்டர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

ஆடம்ஸிலிருந்து வாஷிங்டன் வரைதான் இந்த நாளின் உயிர்நாடி. 5,774 அடி ஆடம்ஸிலிருந்து எட்மண்ட்ஸ் கோலுக்கு 4,938 வரை இறக்கம். மறுபடி ஜெஃபர்சனுக்கு 5,712. மறுபடி ஸ்ஃபிங்க்ஸ் கோலுக்கு 4,959. அங்கிருந்து 6,288. எண்களைவிட மோசமானது தரை. உறைபனி பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைப் பிளந்து பிளந்து போட்ட கற்குவியல் அது. மண்ணே கண்ணில் படாது. ட்ரங்குப் பெட்டி அளவில் ஒன்று, ஃப்ரிட்ஜ் அளவில் இன்னொன்று, நடுவில் கால் போகும் சந்து. சமதரையில் மணிக்கு 3 மைல் நடப்பவருக்கு இங்கே ஒரு மைல் தாண்டினால் அதிகம். கூகுள் கணக்கை நம்பித் திட்டம் போட்டவர்கள் மாட்டுவது இங்கேதான்.

நடக்கும் விதம் முக்கியம். கல்லின் விளிம்பில் மிதிக்காமல் நடுவில் முழுப் பாதத்தையும் வையுங்கள். முழு எடையையும் மாற்றுவதற்கு முன் லேசாக அழுத்திப் பாருங்கள், ஆடும் கல் அப்போதே சொல்லிவிடும். கறுப்பாகப் பாசி படிந்த கல் நனைந்திருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். ட்ரெக்கிங் ஸ்டிக்கை இந்தப் பகுதியில் மடக்கிப் பையில் சொருகிவிடுவது நல்லது. முனை சந்தில் சிக்கிக்கொள்ள, உடம்பு முன்னால் போக, ஸ்டிக் உடையும் அல்லது மணிக்கட்டு பிசகும். இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் பாறையைப் பிடிக்க முடியும்.

மேகம் இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாத நேரமும் வரும். வழிகாட்டுவது கூம்பாக அடுக்கிய கற்குவியல்கள் மட்டுமே. ஒன்றை விட்டு நகருமுன் அடுத்தது கண்ணில் பட வேண்டும். தெரியாவிட்டால் ஒருவர் இங்கேயே நிற்க, இன்னொருவர் குரல் எட்டும் தூரம் மட்டும் போய்த் தேடட்டும். கிழக்கே கிரேட் கல்ஃப் என்ற பெரும் பள்ளம். பயந்து அந்தப் பக்கம் இறங்குவதுதான் செய்யக்கூடாத காரியம். செங்குத்து, ரோடும் வெகுதூரம்.

திரும்பும் வழிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்யுங்கள். எட்மண்ட்ஸ் கோலில் ராண்டால்ஃப் பாதை வடக்கே மரங்களுக்குள் இறக்கிவிடும். க்ளேயைத் தாண்டினால் ஜூவல் பாதை மேற்கே காக் ரயில் (உச்சி வரை ஏறும் பல்சக்கர ரயில்) அடிவாரத்துக்கு. லேக்ஸ் ஆஃப் த க்ளவுட்ஸ் ஹட்டிலிருந்து அம்மனூசக் பாதை மூன்றே மைல், ஆனால் ஈரத்தில் அதன் பாறைச் சரிவுகள் ஆபத்து. ஐசன்ஹோவருக்கு முன்னால் எட்மண்ட்ஸ் பாதை, இருப்பதிலேயே சாது. எங்கள் அளவுகோல்: மவுண்ட் வாஷிங்டன் அப்சர்வேட்டரியின் உச்சி முன்னறிவிப்பு மணிக்கு 40 மைலுக்கு மேல் காற்று என்றாலோ, மதியம் இடி என்றாலோ அன்று கிளம்புவதில்லை. நண்பகலுக்குள் ஜெஃபர்சன், இரண்டரைக்குள் வாஷிங்டன். முடியாவிட்டால் அடுத்து வரும் பாதையில் இறக்கம்.

வாஷிங்டன் உச்சிக்குச் சற்று முன் காக் ரயில் தண்டவாளத்தைக் கடப்பீர்கள். மேலே கார் பார்க்கிங், கேன்டீன், செருப்பு போட்டுக்கொண்டு போட்டோவுக்கு வரிசை கட்டி நிற்கும் கூட்டம். எட்டு மணி நேரம் கல்லோடு மல்லுக்கட்டி வந்தவருக்குச் சற்றுக் கடுப்பாகத்தான் இருக்கும். தண்ணீர் பிடித்து, ஈரமான பனியனை மாற்றி, அரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ரயிலிலோ வேனிலோ இறங்கிவிடலாம் என்று நம்பி வராதீர்கள். இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கெடாது என்பது உண்மை. ஆனால் காற்றில் ஒரு கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள், பாதி பருக்கை கிரேட் கல்ஃபுக்குப் போய்விடும். சப்பாத்தி ரோல், கடலை மிட்டாய், உப்புப் போட்ட வேர்க்கடலை, மணிக்கொரு முறை கொஞ்சம். பருத்தி உடை எதுவும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையுறை ஜூலையிலும் பையில் இருக்க வேண்டும்.

வாஷிங்டனுக்குப் பிறகு கால் தானாகவே போகும். ஒன்றரை மைலில் லேக்ஸ் ஹட், கடைசியாகத் தண்ணீர். மன்றோவைச் சுற்றும்போது பாதையை விட்டு விலகாதீர்கள். ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்ற சின்னஞ்சிறு மஞ்சள் பூச்செடி இங்கே வளர்கிறது. காலடியில் மிதிபட்டே அழியப் பார்த்து, பாதையை மாற்றிக் காப்பாற்றியதில் 2002-இல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீங்கியது. மன்றோவுக்கும் ஐசன்ஹோவருக்கும் உச்சி வழியாக வளையப் பாதை தனியே பிரியும். பலகையைப் பார்க்காவிட்டால் உச்சியைத் தொடாமலே கடந்துவிடுவீர்கள். பியர்ஸ் உச்சியும் அப்படித்தான், பிரியும் இடத்திலிருந்து இரண்டு நிமிடம்.

பியர்ஸிலிருந்து ரோட்டுக்கு மூன்று மைல் இறக்கம், மரத்துக்குள்ளே, வேரும் ஈரக் கல்லுமாக. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கே, கவனம் வீட்டுக்குப் போய்விட்ட நேரத்தில். ஸ்டிக்கை மறுபடி வெளியே எடுங்கள்.

அப்புறம் சாவி. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கார் நிறுத்தும் ஏற்பாட்டில், க்ராஃபோர்டில் நிற்கும் காரின் சாவியை ஆப்பலேச்சியாவில் விட்ட காரின் டேஷ்போர்டில் மறந்துவிட்டு வருவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. கிளம்பும்போது 4 மணிக்கு ஒருவர் அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பையின் ஜிப்புக்குள் போடட்டும்.