பாட்டியின் பிஸ்கட் டின்
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பல வருடமா இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கிடைச்சிடுது. ஆனா பொட்டலத்தில் இருப்பது மலாய்; அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். எல்லா மாத்திரையும் ஒரே பிஸ்கட் டின்னில் கலந்து கிடந்தது.

நேற்று உட்கார்ந்து பிரிச்சோம். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து ஒட்டினேன்.

“பசியாறாம மாத்திரை போட்டா கை நடுங்குதும்மா,” என்றார். சீனி இறங்குவதை வயசுக் கோளாறுன்னே நினைச்சிருக்கார், பாவம். ரத்தத்தில் சீனி 4 mmol/L-க்குக் கீழே போனா உடனே சீனித் தண்ணி குடிக்கணும், அப்புறம் சாப்பிடணும்னு சொன்னேன். திரும்பச் சொல்லிக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு, புண் ஏதும் இருக்கான்னு பாதத்தின் அடியைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வாங்கிட்டுப் போறேன். உங்க தாமானில் (குடியிருப்பில்) யாருக்காவது மருந்துப் பொட்டலத்தில் தமிழில் எழுதித் தரணும்னா சொல்லுங்க, வரேன்.