டெபாசிட்டுக்கு எந்தக் கார்டு?

நியூசிலாந்தில் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே அங்கே செல்லும். அந்தத் தைரியத்தில் கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வதாக எட்டு நாளைக்கு ஒரு காரை புக் செய்து, வேளச்சேரியில் இருந்தபடியே வாடகையையும் கட்டிவிட்டேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ரசீதின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். வண்டியை எடுக்கும்போது தர வேண்டிய டெபாசிட் 3,500 நியூசிலாந்து டாலர். நம் காசில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம். ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டு மட்டும்தான் ஏற்கப்படுமாம்.

மளிகைக்கடையில் யுபிஐயில் ஸ்கேன் செய்யும் ரூபே கிரெடிட் கார்டு அப்போதே அடிபட்டது. மார்க்அப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம், மிச்சமாகும் என்று தி.நகரில் அலைந்து வாங்கிய ஃபாரெக்ஸ் கார்டு, முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் பிரீபெய்டு வகை, அதுவும் போச்சு. சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் அதுதான் நல்லது, டெபாசிட்டுக்கு உதவாது. டெபிட் கார்டை சில கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் முடங்குவது நம் கணக்கில் உள்ள நிஜப் பணம். கிரெடிட் கார்டில் லிமிட் மட்டும்தான் முடங்கும்.

மிஞ்சியது மனைவியின் விசா கார்டுக்கு என் பெயரில் வாங்கிய ஆட்-ஆன் கார்டு. லிமிட் மூன்று லட்சம், இருவருக்கும் பொது. அதில் விமான டிக்கெட்டே ஒன்றரை லட்சத்தை விழுங்கியிருந்தது. பில் வரும் முன்பே பணத்தைக் கட்டி லிமிட்டைத் திறந்தேன். "பில்லே வரல, அதுக்குள்ள எதுக்குக் கட்டறீங்க?" என்றாள் மனைவி.

அப்புறம் நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, கார்டில் ஒற்றை எழுத்து. கவுண்டரில் நின்று தமிழர்களின் பெயர் வழக்கத்தை விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. பெயரை மாற்றி வேறு கார்டு கேட்டேன். பத்து நாளில் வந்தது.

வந்த கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச்சிலிருந்து புதிதாகவோ மாற்றியோ தரும் கார்டெல்லாம் அப்படித்தான் வரும். ஆப்பில் திறந்துவிட்டேன். அதற்குக் கீழே ஒரு தடவைக்கு எவ்வளவு என்று தனியாக ஒரு வரம்பு இருந்ததைக் கவனிக்கவில்லை.

கிறைஸ்ட்சர்ச் கவுண்டரில் மெஷின் 'டிக்ளைன்ட்' என்றது. பின்னால் நீண்ட வரிசை. ஆப்பைத் திறந்தால் வரம்பு ஒரு லட்சத்தில் நிற்கிறது. மாற்ற ஓடிபி வேண்டும். சென்னை சிம்மையோ விமானம் இறங்கியதும் அணைத்துவிட்டு உள்ளூர் சிம்முக்கு மாறியிருந்தேன். நல்லவேளை, கிளம்பும் முன்பே ரோமிங் போட்டு வைத்திருந்தேன். சிம்மை உயிர்ப்பித்து ஓடிபி வருவதற்குள் வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

கவுண்டரில் இருந்த பெண் இதற்குள் வேறு வழி சொன்னாள். நாளைக்கு 35 டாலர் கட்டிக் கூடுதல் காப்பீடு எடுத்தால் டெபாசிட் சில நூறு டாலராகக் குறையுமாம். எட்டு நாளைக்கு 280 டாலர், திரும்பி வராத காசு. வேண்டாம் என்றேன். அன்று மாலையே முன்னால் போன லாரி கண்ணாடியில் கல்லைத் தெறிக்கவிட்டபோது கொஞ்சம் வருந்தினேன். கீறல் விழவில்லை.

பின் நம்பர் போடும் முன் ஒன்று கேட்டுக்கொண்டேன்: இது லிமிட்டை முடக்கி மட்டும் வைக்கும் ஹோல்டா, இல்லை பணத்தை எடுத்துவிட்டுத் திருப்பித் தருவதா? ஹோல்டுதான் என்றாள். எடுத்துத் திருப்புவதாக இருந்தால், என் கார்டின் 3.5 சதவீத மார்க்அப்பும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும். திரும்பி வருவதும் அன்றைய மாற்று விலையில்தான். மெஷின் ரூபாயா, நியூசிலாந்து டாலரா என்றும் கேட்டது. டாலரை அழுத்தினேன். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள், அது நமக்கு நஷ்டம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த ஒன்பதாவது நாள் லிமிட் பழையபடி ஆனது. எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. தினமும் காலையில் காபியோடு ஆப்பைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.