ஊசி போட்ட கை சிவந்தபோது

அம்மாவுக்கு 70 வயது. சீனி வருத்தமும் முட்டும் இருக்கிறது. மாரி தொடங்கினால் தடிமன் அவரை விடாது. அதனால்தான் இன்புளுவென்சா தடுப்பூசி போடுவதென்று முடிவெடுத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனோம். முன்னர் ஏதாவது ஊசியோ மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டார்கள். போட்டபின் 15 நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவசரம் என்று எழுந்து போய்விடாதீர்கள். கடுமையான ஒவ்வாமை 10 லட்சம் ஊசிகளுக்கு 1 அல்லது 2 பேருக்குத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குள் காட்டிவிடும். அதற்கு உடனே போடும் அட்ரினலின் மருந்து பக்கத்தில் இருக்கவேண்டிய நேரம் அது.

பின்னேரம் ஊசி போட்ட இடம் சிவந்து தடித்தது. தொட்டால் சூடு. “கடிக்குது பிள்ளை” என்று அம்மா சொறியப் போனார். பெரியம்மா நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னார். நான் விடவில்லை. சிவப்பின் விளிம்பைச் சுற்றி நீலப் பேனையால் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதினேன். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்து வைத்து எடுத்தோம். நோவுக்குப் பனடோல். விடியப் பார்த்தால் சிவப்பு கோட்டுக்கு உள்ளே ஒடுங்கியிருந்தது.

சரி, முடிந்தது என்று நினைக்க, வயிற்றிலும் முதுகிலும் நுளம்பு கடித்தது போலப் புதிதாகத் தடிப்புகள். ஊசி போட்ட இடத்தில் மட்டும் வரும் சிவப்பு வேறு, உடம்பில் பரவும் தடிப்பு வேறு. நல்லகாலம், முகமோ உதடோ வீங்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் 1990 அம்புலன்சுக்கு அடித்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓடியிருப்போம்.

வழக்கமாகக் காட்டும் வைத்தியரிடம் போனோம். அம்மாவின் மற்ற மருந்துகளையும் பார்த்துவிட்டு ஒவ்வாமைக்கு மாத்திரை தந்தார். ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட திகதி, தடிப்பு வந்த நேரம் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதினார். பேனைக் கோடு அங்கே நன்றாக உதவியது. தனியாரிடம் போட்ட ஊசியென்றாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கவேண்டும் என்றார். அதையும் செய்தோம்.

“அப்ப அடுத்த வருசம் போடேலாதோ?” என்று அம்மா கேட்டார்.

“கை வீக்கம் மட்டுமெண்டால் யோசிக்கவே தேவையில்லை, அம்மா. உடம்பில தடிப்பு வந்தபடியால், போட முதல் ஒருக்கா என்னட்ட வாங்கோ” என்றார் வைத்தியர்.