மூன்று பை வாங்கிய பையன்

போன ஜூனில் பள்ளி திறந்தபோது எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் மூன்று புத்தகப்பைகள் இருந்தன. ஒன்று மாதா கோயில் இளைஞர்கள் கொடுத்தது, ஒன்று ஜமாஅத், இன்னொன்று ராமநாதபுரத்திலிருந்து வந்த தொண்டு நிறுவனம். கடல்பாசி எடுக்கும் பெண்கள் குடியிருக்கும் கடைசித் தெருவுக்கு ஒரு பைகூடப் போகவில்லை.

பாம்பன் பக்கம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வாங்கிய கடனோடுதான் பள்ளி திறக்கும். அதற்குப் பை என்ன செய்யும்? மகளிர் குழுக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு நானே வம்பில் மாட்டிக்கொண்டேன். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் கூட்டம் பேனரில் யார் பெயர் மேலே வருவது என்பதிலேயே முடிந்தது. இரண்டாவதில் பேனரே வேண்டாம் என்றோம். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மிஞ்சியவர்கள் ஒரே நோட்டில் பிள்ளைகளின் பெயரை எழுதினோம். தகப்பன் இல்லாத பிள்ளைகள், தகப்பன் விட்டுப்போன பிள்ளைகள் என 19 பேர். மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமமென்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

அங்கேதான் இடித்தது. பாசி எடுக்கும் ஒரு பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் 84,000 என்று வந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்ப்பவர் அவர். துணியை அவிழ்த்தால் நகக்கண்ணெல்லாம் வெடிப்பு. மாதம் முழுக்கக் கடலில் இறங்குவதாக யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்பது பெண்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. வியாபாரி எடைபோட்டுக் கொடுத்த சிட்டைகளை ஓர் ஆண்டுக்கு அடுக்கி மறுபடி மனுக் கொடுத்தோம். சான்றிதழ் திருத்தி வந்தது.

அடுத்து வீட்டு விசாரணை. வந்தவர்கள் பாசிக்கு இறங்கும் நாளாகப் பார்த்து வந்து, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதன்பின் பெண்கள் இறங்கும் நாட்களைத் தொண்டு நிறுவனத்தார் முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்லிவைத்தார்கள். அலுவலக மொழி அவர்களுக்குத்தான் வரும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஜமாஅத்தில் ஜெராக்ஸ் மிஷின் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் அந்தோணி, ஆதாரில் ஆண்டனி என்றிருந்த பையனுக்காகக் கல்லூரி மாணவி ஒருத்தி இ-சேவை மையத்துக்கு நான்கு முறை நடந்தாள்.

பதினாறு பிள்ளைகளுக்குப் பணம் வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு தாய் முதல் மாதப் பணத்தில் முன்பணக் கடனை அடைத்துவிட்டார். பிள்ளைக்குச் செலவழிக்கவில்லையே என்று எங்களில் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. கடன் அடையாமல் நின்றால் அந்தப் பெண்பிள்ளையும் அம்மாவோடு பாசிக்குத்தான் போகும்.

மிச்சம் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அப்பா நாட்டுப்படகில் போனவர். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை. 7 ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும். இது மூன்றாம் ஆண்டு. மீனவர் சங்கப் பெரியவர் பத்திரமாக வைத்திருந்த காவல் நிலையப் புகார் நகலை இணைத்து, குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு அனுப்பியிருக்கிறோம்.

இந்த ஜூனில் என்ன வாங்கித் தரலாம் என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். ஜெராக்ஸ் தாள் நான்கு கட்டு என்றேன். வாங்கித் தந்தார்கள். கூடவே பையும் தந்தார்கள்.