கம்பி நகர்ந்தது

2024 அக்டோபர் 9, புதன்கிழமை, மணவாளக்குறிச்சி

இயற்பியலுக்கான நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் என்று நேற்று அறிவித்தார்கள். படிகங்களையும் திடப்பொருள்களையும் ஆராய்ந்து வந்த ஹாப்ஃபீல்டு, 1982இல் நினைவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கற்ற காந்தப் பொருள் ஒன்றில் அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, தாழ்ந்த ஆற்றல் நிலை ஒன்றில் சென்று அமைகின்றன. நரம்பணுக்களின் கூட்டமும் அவ்வாறே ஒரு நினைவில் சென்று அமையலாம் என்றும், பாதித் தடயம் மட்டும் கிடைத்தாலும் சரிவில் விட்ட உருண்டை பள்ளத்தைச் சேர்வதுபோல மீதியை அது நிரப்பிக்கொள்ளும் என்றும் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். உலோகவியலில் தொடங்கி மூளையில் முடிந்த என் வேலைக்கு அந்தக் கட்டுரைதான் துணிவு தந்தது. தொண்ணூற்றொரு வயதில் அவருக்கு இந்தச் சிறப்பு கிடைத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

ஓய்வு பெற்று ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகளாகியும் பிரிக்காமல் வைத்திருந்த ஆய்வகக் குறிப்பேடுகளின் பெட்டிகளை இன்று பிரித்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

மிகப் பழைய குறிப்பேட்டின் நடுவில் எங்கள் கடற்கரை மணல் ஒரு சிட்டிகை கிடந்தது. நானே எப்போதோ காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க் இங்கிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த துகள்களைக் கொண்டு மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்த கதையை அப்பா சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். அப்பா மணல் ஆலையில் வேலை செய்தவர். மணலில் கலந்திருக்கும் கனிமங்களில், காந்தத்தால் இல்மனைட்டையும் கார்னெட்டையும் இழுத்தெடுப்பதும், மின்னழுத்தத்தைக் கொண்டு மின்கடத்தும் ரூட்டைலைக் கடத்தாத சிர்க்கானிடமிருந்து பிரிப்பதும் அவர் விளக்கித்தான் எனக்குத் தெரியும். ஒரே நிறமாகத் தெரியும் பொருளுக்குள்ளும் குணம் வேறுவேறு என்பதை நான் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல.

இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் இருப்பது டைட்டேனியம். நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த வடிவ நினைவு உலோகத்தில்தான் நான் முனைவர் பட்டம் பெற்றேன் (அதற்கு நான் பயன்படுத்திய டைட்டேனியம் வெளிநாட்டிலிருந்து வாங்கியது). அந்தக் கம்பியைக் குளிர்ந்த நிலையில் வளைத்துவிட்டுச் சூடேற்றினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நிக்கலின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூடினாலே, அது திரும்பும் வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி இறங்கிவிடும். ஆறு ஆண்டுகள் அந்தக் கம்பியோடு வாழ்ந்ததில், நினைவு என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது என்னும் எண்ணம் எனக்குள் கேள்வியின்றிக் குடியேறிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி, சரஸ்வதி பூஜை

காலையில் மைனி என் குறிப்பேடுகளையும் சேர்த்துப் பூஜையில் வைத்துவிட்டார்கள். நாளை எடுக்கும் வரை தொடக்கூடாது என்பதால் இன்று மனத்தில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

1996இல் நரம்பியல் துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என் அறைக்கு வந்து, எலியின் மூளையில் சில மாதங்கள் கெடாமல் இருக்கும் மின்முனைக் கம்பி வேண்டும் என்று கேட்டார். அவர்கள் பயன்படுத்திய டங்ஸ்டன் கம்பி சில வாரங்களில் சமிக்ஞையை இழந்துகொண்டிருந்தது. காரணம் எனக்கு எளிதில் விளங்கியது. டங்ஸ்டனின் விறைப்பு ஏறத்தாழ 40,000 கோடி பாஸ்கல். மூளைத் திசுவுக்கோ சில ஆயிரம் பாஸ்கல்தான். மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்ப மூளை அசையும்போது கம்பி அசையாமல் நின்று உரசுகிறது. காயத்தைச் சுற்றி நரம்பாதார அணுக்கள் தழும்பாகத் திரண்டு, நரம்பணுக்களைக் கம்பியிடமிருந்து பிரித்துவிடுகின்றன. முடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளை முறுக்கிச் செய்யும் நான்முனை மின்முனைக்கு மாறி, முனையில் மின்கடத்தும் பாலிமர் பூசி, அந்தக் காலத்தை நீட்டினோம். உலோகம் படித்தவளுக்கு மூளையில் என்ன வேலை என்று ஒரு நிதிக்குழு எழுதியனுப்பிய வரி அன்று என்னை வருத்தியது. இன்று அதை இதற்குமேல் எழுதத் தோன்றவில்லை.

ஆனால் முதல் முறை அந்த ஒலியைக் கேட்ட இரவைப் பற்றி எழுதியாக வேண்டும். மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸில், விலங்கு குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் உண்டு என்று ஜான் ஓ'கீஃப் 1971இல் கண்டார். நாங்கள் மின்முனையை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தோம். எலி பாதையின் மூலைக்கு வந்தபோதெல்லாம் பொரி பொரிவதுபோல ஒரு சடசடப்பு கேட்டது. வேறெங்கும் அது கேட்கவில்லை. ஓடி முடித்த எலி உறங்கிய பிறகு, மூலையே இல்லாத கூண்டுக்குள், அதே சடசடப்பு மறுபடி கேட்டது. பகலில் ஒன்றாகத் துடித்த அணுக்கள் உறக்கத்திலும் ஒன்றாகத் துடிப்பதை 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் எழுதியிருந்தார்கள், நான் படித்துமிருந்தேன். காதால் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது. இனி வேறு எதையும் ஆராயப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

பூஜை முடித்து, முதலில் கைக்கு வந்த 2001ஆம் ஆண்டின் குறிப்பேட்டைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் என் கையெழுத்தில் ஒரே குறிப்பு இருந்தது: கம்பி நகர்ந்தது. நேற்று மூலையில் துடித்த நரம்பணு இன்று துடிக்காவிட்டால், கம்பி சில மைக்ரான் விலகி அந்த அணுவை இழந்துவிட்டது என்று முடிவு செய்து, அந்த நாளின் பதிவைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறேன். நினைவு இருக்கிறது என்றால் அதைத் தாங்கும் அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும், மாறியிருந்தால் பழுது கருவியில்தான் என்பது ஓர் உலோகவியலாளரின் தீர்ப்பு.

2013இல் வெளிவந்த ஆய்வு அந்தத் தீர்ப்பை அசைத்தது. நரம்பணுக்கள் துடிக்கும்போது ஒளிரும்படி செய்து, சுண்டெலியின் ஹிப்போகாம்பஸை நுண்ணோக்கியால் 45 நாள்கள் வரை பார்த்தார்கள். அங்கே விலகிப் போகக் கம்பி எதுவும் இல்லை. எலிக்குப் பழகிய அதே இடத்தில், எந்த இரண்டு நாள்களை ஒப்பிட்டாலும், துடித்த அணுக்களில் 15 முதல் 25 விழுக்காடுதான் பொதுவாக இருந்தன. பொதுவாக இருந்தவை தத்தம் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மற்றவை ஒரு நாள் துடித்தன, ஒரு நாள் ஓய்ந்தன. நினைவு நிலைத்திருக்க, அதைச் சுமப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நினைவைத் தாங்கும் மூலக்கூறுகள் நாள்களிலோ வாரங்களிலோ அழிந்து புதிதாகும்போது, நினைவு மட்டும் ஆண்டுக்கணக்கில் எப்படி நிற்கிறது என்று பிரான்சிஸ் கிரிக் 1984இலேயே கேட்டிருந்தார். அப்பாச்சி வீட்டின் ஓலைக் கூரையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி உடனே பிடிபட்டிருக்க வேண்டும். ஓலை மாறிக்கொண்டே இருந்தது, வீடு அதே வீடாகத்தான் இருந்தது.

நான் நீக்கிய பதிவுகளில் எத்தனை கம்பியின் குற்றம், எத்தனை மூளையின் இயல்பு? இரவு முழுவதும் இதே எண்ணம்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. மின்சாரம் வந்தும் போயும் இருந்தது. அண்ணன் மகள், "இத்தனை வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள், அத்தை?" என்று கேட்டாள். பிழை என்று நான் ஒதுக்கியது பிழையல்ல என்றால் அதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்றேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, படியெடுக்க உதவுவதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எலியின் உறக்கத்தையும் பதிவு செய்தோம். ஓர் அணுவின் துடிப்பு நான்கு கம்பிகளிலும் நான்கு வேறு உயரங்களில் பதியும். அந்த விகிதம் அந்த அணுவுக்குக் கைரேகை போன்றது. ஓட்டத்தின்போது ஓய்ந்திருந்த அணு, அதே நாள் உறக்கப் பதிவில் அதே விகிதத்தோடு துடித்திருக்குமானால் கம்பி நகரவில்லை. வேறோர் அணு தற்செயலாக அதே விகிதத்தைக் காட்டவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அலைவடிவத்தின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

என்னிடம் படித்து, இன்று சொந்த ஆய்வகம் நடத்தும் மாணவிக்கு எழுதியிருந்தேன். பழைய நாடாக்களில் பெரும்பாலானவற்றை அவள் முன்பே கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறாள். கேட்ட முதல் எலியின் பதிவுகள் மதியம் வந்து சேர்ந்தன. நான்காம் நாள், ஓட்டத்தில், முன்பு மூலையில் துடித்த அணு ஒரு முறைகூடத் துடிக்கவில்லை. ஓட்டத்துக்குப் பிந்தைய உறக்கத்தில் நான்கு கம்பிகளிலும் பழைய உயரங்கள், பழைய அகலம். அணு அங்கேதான் இருந்தது.

பென்சில் குறிப்பை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்றைய தேதியிட்டு, "நகரவில்லை" என்று மையால் எழுதினேன். அதே எலியின் ஆறாம் நாள் உறக்கப் பதிவில் இரைச்சல் மிகுதி. இரண்டாம் கம்பியை விலக்கிவிட்டு, மூன்று கம்பிகளைக் கொண்டு நாளை மறுபடி பார்க்க வேண்டும்.