சூடானால் தப்புக் கணக்குச் சொன்ன மேப் சென்சார்

செக் என்ஜின் லைட் எரிந்ததும் வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். வந்த கோட் பி0172. கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். ஏன் அதிகம் என்று அது சொல்லாது. காலையில் வண்டி எடுத்தால் ஒரு குறையும் இல்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் ஏறி இறங்கும், சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை வரும். மைலேஜும் விழுந்துவிட்டது.

"ஆக்சிஜன் சென்சார் போயிருக்குங்க, மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். எனக்கு அது ஒட்டவில்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்துக் கலவையைச் சொல்லும் சென்சார் அது. ஆக்சிஜன் சென்சார் இல்லாத பெட்ரோலை இருப்பதாகச் சொல்லியிருந்தால், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் குறைத்து என்ஜின் வறண்டு ஓடியிருக்கும். ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நான்கிலும் கரி. அதாவது பெட்ரோல் உண்மையாகவே கூடுதலாகப் போகிறது, ஆக்சிஜன் சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது.

இந்த என்ஜினில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்லும். அதோடு காற்றின் வெப்பநிலையையும் ஆர்பிஎம்மையும் வைத்து ஈசியூ கணக்குப் போட்டு பெட்ரோல் விடும். மேப் சென்சார் கூட்டிச் சொன்னால் பெட்ரோலும் கூடும். அதனால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

எளிமையான சோதனை இது: என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல். கோவை நானூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 96, 97 வரும். குளிர்ந்த என்ஜினில் 96 காட்டியது, ஐட்லிங்கில் 35. இரண்டும் சரி. அப்புறம் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் மறுபடி பார்த்தேன். ஐட்லிங்கில் 43. ஃபியூயல் ட்ரிம், அதாவது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலில் செய்யும் திருத்தம், மைனஸ் 20 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்ஜினை நிறுத்திச் சாவியை ஆன் செய்தால் 104! சென்னைக் கடற்கரையில்கூட வழக்கமாக இவ்வளவு வராது. எனக்கு முக்கால்வாசி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனாலும் வயரிங்கைப் பார்க்காமல் சென்சாரை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. கனெக்டரின் பின்பக்கம் குண்டூசி செருகி, சூட்டோடு மல்டிமீட்டரில் அளந்தேன். சப்ளை 5.01 வோல்ட், எர்த்தில் இழப்பு 12 மில்லிவோல்ட். இரண்டிலும் குறையில்லை. குளிர்ந்தபோது 4.2 வோல்ட் இருந்த சிக்னல் மட்டும் 4.6-க்கு ஏறியிருந்தது.

சென்சாரைக் கழற்றினால் அதன் துளையில் எண்ணெய்ப் பசை. கிரான்க்கேஸின் (என்ஜினின் அடிப்பகுதி) எண்ணெய் ஆவி மேனிஃபோல்டுக்குத்தான் போகிறது என்பதால் இது பல வண்டிகளில் இருக்கும். எலக்ட்ரிக்கல் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டேன். குத்தித் துடைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சிலிக்கான் சவ்வு மிக மெல்லியது.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. கனெக்டரோடு வெளியே தொங்கவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சை ஒரு சின்ன ரப்பர் குழாயால் துளையில் மாட்டினேன். பிஸ்டனை இழுக்க இழுக்க வோல்ட் தடங்கலில்லாமல் இறங்கியது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. சவ்வு நன்றாகவே அசைகிறது. இப்போது சிரிஞ்சை எடுத்துவிட்டு ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். ஸ்கேனரில் 96, 98, 101... காற்று அதே காற்று, எண் மட்டும் ஏறுகிறது. டிரையரை நிறுத்தி ஆறவிட்டால் மெதுவாகத் திரும்ப 96. அழுத்தத்தை அளக்கும் பகுதி பிழைத்திருக்கிறது, வெப்பநிலைக்கு ஈடுசெய்யும் உள் சர்க்யூட்தான் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். இதைச் சுத்தம் செய்து சரிப்படுத்த முடியாது.

புதிது வாங்கப் போன கடையில் அச்சு அசலாக இதே வடிவத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மேலே அச்சடித்த பார்ட் நம்பர் வேறு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ என்ஜினுக்கான மேப் சென்சார்கள் 250 கிலோபாஸ்கல் வரைகூட அளக்கும். சில இதே பொருத்தில் கச்சிதமாக உட்கார்ந்தும்விடும், ஆனால் வோல்ட்டுக்கான கணக்கே மாறிவிடும். அதனால் நம்பர் ஒத்துவந்ததை மட்டும் வாங்கினேன். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி மாட்டி, கோட்டை அழித்தேன்.

சூடான பிறகும் இப்போது சாவி ஆனில் 96, ஐட்லிங்கில் 34. ட்ரிம் மைனஸ் 2-க்கும் பிளஸ் 3-க்கும் நடுவே நிற்கிறது. ஊட்டிக்குப் போனபோது மேலே நிறுத்திப் பார்த்தேன்: 78. அந்த உயரத்துக்கு அதுதான் சரியான எண். பழைய ஆக்சிஜன் சென்சார் அப்படியே வண்டியில் இருக்கிறது. கரி பிடித்த பிளக்குகளை மட்டும் மாற்றினேன். அடுத்த சர்வீஸில் கழற்றிப் பார்த்தால் கலவை எப்படி எரிகிறது என்று தெரிந்துவிடும்.