சுருள் முடியை நேராக்கும் முன்

முதல் முறை முடியை நேராக்கிக்கொண்டபோது, பிடரியிலிருந்து எடுத்துச் சோதித்த கற்றை ஈரத்தில் ரப்பர் போல நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பாமலே நின்றுவிட்டது. முடி பலவீனமாக இருப்பதற்கான அந்த எச்சரிக்கையை நான் பொருட்படுத்தவில்லை; அடுத்த இரண்டு வாரம், சீப்பை எடுத்தாலே அரை விரல் நீளத் துண்டுகளாக முடி உதிர்ந்தது.

சுருளைத் தாங்கிப் பிடிப்பவை முடியின் கெரட்டின் புரதத்தில் கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள். முடியை நேராக்கும் ஒரு முறையான ரீபாண்டிங்குக்குப் பூசும் க்ரீமில் பெரும்பாலும் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் அவற்றை உடைக்க, அடுத்துப் பூசும் நியூட்ரலைசர் நேரான வடிவில் மீண்டும் இணைக்கிறது. முடியை நேராக்கும் இன்னொரு க்ரீமான, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கலந்த ரிலாக்ஸர் முற்றிலும் வேறு வகை. ஒன்று செய்த முடியில் மற்றொன்றைப் பூசினால் முடி கையோடு வந்துவிடும் என்பதால், முன்பு எதைப் போட்டோம் என்பதை, ப்ளீச், சாயம் உட்பட, செய்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்; எரிச்சல் தொடங்கினால் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழுவச் சொல்லுங்கள்.

இம்முறை ரீபாண்டிங் முடிந்த பின், செய்தவர் சொன்னபடி 72 மணி நேரம் நனைக்கவில்லை, கட்டவில்லை, காதுக்குப் பின்னால்கூடச் செருகவில்லை (இதுதான் மிகக் கடினம்!). இப்போது சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர், அகன்ற பல் சீப்பு, இவ்வளவுதான். சில மாதங்களில் வேரில் சுருள் தலைகாட்டும்போது, புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டுமே மருந்து. ஏற்கெனவே நேரான முடியின் மேல் மறுபடி படவே கூடாது.